கடுக்காய்க்குக் கிருமி அடங்குமா?

தோட்டத்துத் தோழர்களே! செம்பனைக் குலையைத் தூக்கும்போது கையில் முள் ஏறாதவர் நம்மில் யார்? பால்வெட்டுக் கத்தி பட்ட காயமும் நமக்குப் புதிதல்ல. "கடுக்காயை இழைச்சுப் பூசுடா, சரியாப் போயிடும்" என்று பாட்டி சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்தச் சொல் மெய்யா என்று ஆய்வுக்கூடத்தில் எப்படிச் சோதிக்கிறார்கள்? பார்ப்போமே!

கடுக்காயின் கொட்டையை நீக்கி, சதையைத் தூளாக்கி, தண்ணீரிலோ எரிசாராயத்திலோ ஊறவைத்துச் சாறு எடுக்கிறார்கள். நம் வீட்டில் பெருநாளுக்குக் காய்ச்சும் அகார் அகார் தெரியுமல்லவா? அதே அகாரில் கிருமிக்குத் தீனி கலந்து, கண்ணாடித் தட்டில் உறைய வைக்கிறார்கள். அதன்மேல் கிருமியைத் தடவி, சாற்றில் நனைத்த 6 மில்லிமீட்டர் காகித வில்லையை வைத்து, உடம்புச் சூட்டளவில் ஓர் இரவு விடுகிறார்கள்.

மறுநாள் கிருமி பாலாடை போலத் தட்டெங்கும் படர்ந்திருக்கும். வில்லையைச் சுற்றி மட்டும் தெளிந்த வட்டம் தெரிந்தால், சாறு கிருமியை வளர விடவில்லை என்று பொருள். பக்கத்தில் வெறும் எரிசாராய வில்லை ஒன்றும் இருக்கும். சாராயம் செய்த வேலைக்குக் கடுக்காய் பேர் வாங்கக் கூடாதே!

சீழ்ப்புண்ணில் காணும் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமியைக் கடுக்காய்ச் சாறு தடுப்பதைப் பல சோதனைகள் காட்டியுள்ளன. துவர்ப்பைத் தரும் டானின் சத்துகளுக்கு அதில் பெரும்பங்கு உண்டு. பாட்டி சொன்னது வீண்பேச்சல்ல!

ஆனால் தட்டு வேறு, உடம்பு வேறு. தட்டில் கிருமியும் சாறும் நேருக்கு நேர் நிற்கின்றன. முள் குத்திய காயத்திலோ கிருமி ஆழத்தில் பதுங்கிவிடும். மேலே பூசிய தூள் அங்கே எட்டாது. கடையில் வாங்கிய தூளிலேயே அழுக்கும் கிருமியும் இருக்கலாம். மண்ணிலிருந்து ஏறும் ரணஜன்னிக்குத் தடுப்பூசிதான் காவல்.

ஆகவே, காயம் பட்டதும் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். முள் உள்ளே முறிந்தாலோ, வீங்கிச் சிவந்தாலோ, காய்ச்சல் கண்டாலோ உடனே கிளினிக்குக்குப் போங்கள். இனிப்புநீர் உள்ளவர்கள் சின்னக் காயத்தையும் காட்டிவிடுவது நல்லது. "ஒரு நாள் சம்பளம் போயிடுமே"ன்னு வீட்டிலேயே உட்கார்ந்து விடாதீங்க. சம்பளத்தை அடுத்த மாதம் தேடிக்கொள்ளலாம். போன விரலை எங்கே தேடுவது?

கடுக்காய் நல்ல மருந்துதான். அதற்காகக் கிளினிக்குக்குக் கடுக்காய் கொடுத்துவிடக் கூடாது!