கியோங்ஜு ஈமமேடுகள்: அமைப்பும் பெயரீடும்

தென்கொரியாவின் தென்கிழக்கிலுள்ள கியோங்ஜு, கி.பி. 935 வரை சில்லா அரசின் தலைநகராக விளங்கியது. அந்நகரில் கடைத்தெருக்களுக்கும் குடியிருப்புகளுக்கும் இடையே புல் போர்த்திய பெரும் ஈமமேடுகள் இன்றும் நிற்கின்றன. இவற்றை ‘அரசர் கல்லறைகள்’ எனச் சுட்டுவது பொதுவழக்கு. அவ்வழக்கை அகழாய்வுச் சான்றுகள் எந்த அளவுக்கு ஏற்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

நகர்ப் பகுதியின் பெருமேடுகள் பெரும்பாலும் 4 முதல் 6ஆம் நூற்றாண்டு வரையிலானவை. மர அறை அமைத்து, அதனுள் சவப்பேழையையும் படையற்பொருள்களையும் வைத்து, மேலே உருண்டைக் கற்களைக் குவித்து, களிமண் பூசி, மண்மேடு எழுப்பினர். உள்ளே செல்ல வழி விடப்படவில்லை. மரம் மக்கியபோது கற்குவை சரிந்து அறையை மூடிக்கொண்டது. புதையல் தேடியோர்க்கு இச்சரிவே பெருந்தடையாயிற்று.

காலப்போக்கில் மேடுகளை ஒட்டி வீடுகள் எழுந்தன. 1921இல் வீட்டுக் கட்டுமானத்தின்போதுதான் சிதைந்த மேடொன்றிலிருந்து பொன்முடி வெளிப்பட்டது. அம்மேடு ‘கும்க்வான்சோங்’, அதாவது பொன்முடிக் கல்லறை, எனப் பெயர் பெற்றது. 1970களில் தேரூங்வோன் பூங்கா அமைவதற்காக அங்கிருந்த வீடுகள் அகற்றப்பட்டன. பாதுகாப்பின் விலையைக் கொடுத்தோர் அவ்வீட்டார் என்பதும் பதிவுக்குரியது.

கொரியப் பெயரீட்டில் ‘நுங்’ என்பது உரியவர் அறியப்பட்ட அரச கல்லறை. ‘சோங்’ என்பது சிறப்பான பொருள்கள் கிடைத்தும் உரியவர் அறியப்படாதது. 1973இல் அகழப்பட்டு, பூர்ச்சமரப் பட்டையில் தீட்டிய வான்குதிரை ஓவியத்தைத் தந்த சோன்மாசோங்கும் இவ்வகையே. பூங்காவின் மேடுகளுள் அரசர் மிச்சுவின் பெயரால் ‘நுங்’ என வழங்குவதும் மரபுச் செய்தியை நம்பியதே. அவர் 284இல் இறந்தார் என்பது வரலாற்று நூலின் கூற்று. இவ்வகைப் பெருமேடுகளோ பிற்பட்டவை.

பொன்முடி கிடைத்தால் அரசர் எனலாமா? ஹ்வாங்னம்தேசோங் ஏறத்தாழ 120 மீட்டர் நீளமுள்ள இரட்டை மேடு. 1973–75இல் அகழ்ந்தபோது, தென்மேட்டில் அடக்கப்பட்ட ஆணுக்குப் பொன்முலாம் பூசிய வெண்கல முடியே இருந்தது. பொன்முடி வடமேட்டில் கிடைத்தது. அங்கிருந்த வெள்ளி அணியொன்றில் ‘சீமாட்டியின் கச்சை’ என்று பொருள்படும் எழுத்துகள் உள்ளன. எனவே முடி அரச பதவியைத் தனியே நிறுவாது.

கும்க்வான்சோங்கின் வாளொன்றில் ‘இசாஜி அரசர்’ என்னும் பொறிப்பு 2013இல் அறியப்பட்டது. சில்லா அரசர் பட்டியலில் அப்பெயர் இல்லை.