சென்னை – இலண்டன்: பயணச்சீட்டு காட்டாத மணிக்கணக்கு

சிகிச்சை முடிந்து, வெளிநாட்டில் வாழும் மகனையோ மகளையோ காணப் புறப்படுவோர் முதலில் கேட்பது, “எத்தனை மணி நேரப் பயணம்?” என்பதே. விடை பயணச்சீட்டிலேயே இருப்பதாகப் பலரும் கருதுகின்றனர். நாள்தோறும் மருந்து உட்கொள்வோர் அதை மட்டும் நம்பியிருத்தல் ஆகாது.

சென்னைக்கும் இலண்டனுக்கும் இடையே வான்வழித் தொலைவு சுமார் 8,200 கிலோமீட்டர். இடையில் நில்லாத விமானம் இதனைக் கடக்க ஏறத்தாழ 11 மணி நேரம் ஆகும். இலண்டன் கடிகாரம் நம் கடிகாரத்தைவிடக் குளிர்காலத்தில் ஐந்தரை மணி நேரமும் கோடையில் நாலரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும். எனவே, குளிர்காலத்தில் காலை 6 மணிக்குச் சென்னையில் புறப்படும் விமானம், அன்று முற்பகல் 11.30 மணிக்கே இலண்டனை அடைவதாகச் சீட்டில் காணப்படும். பார்வைக்கு ஐந்தரை மணி நேரம். உடல் கடந்ததோ பதினொரு மணி நேரம்.

பன்னிரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை உட்கொள்ளும் மாத்திரையை எடுத்துக்கொள்வோம். காலை 5 மணிக்குச் சென்னையில் ஒன்றை உட்கொண்டவர், அடுத்ததை இலண்டன் நேரப்படி மாலை 5 மணிக்கு உட்கொண்டால், இடைவெளி பதினேழரை மணி நேரமாகிவிடும். அவர் உட்கொள்ள வேண்டிய வேளை, விமானம் தரையிறங்கும் அதே 11.30 மணி. வலிப்பு நோய்க்கும் இரத்தம் உறையாமைக்கும் மருந்து கொள்வோருக்கு இத்தகைய தாமதம் தீங்கு விளைவிக்கலாம். இன்சுலின் செலுத்துவோருக்கு மேற்கே செல்கையில் நாள் நீள்கிறது, திரும்புகையில் குறுகுகிறது. அளவையும் வேளையையும் மருத்துவரே வகுத்துத் தர வேண்டும்.

புறப்படுமுன் கருத வேண்டியவை:

• ஒரு கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே வைத்திருங்கள். புதிய நேரத்திற்கு மாறும் முறையை மருத்துவரிடம் எழுதி வாங்குங்கள்.

• மருந்துகளையும் மருந்துச் சீட்டையும் கைப்பையில் வையுங்கள். சரக்கு அறையின் குளிரில் இன்சுலின் உறைந்து கெடக்கூடும்.

• நான்கு மணி நேரத்திற்கு மேல் அசையாது அமர்ந்திருப்பின், கால் சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு மிகும். அவ்வப்போது எழுந்து நடங்கள், அமர்ந்தவாறே கணுக்கால்களை அசையுங்கள், தண்ணீர் பருகுங்கள்.

• விமானத்தினுள் காற்றழுத்தம், 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதை ஒத்தது. இதய, நுரையீரல் நோயாளர்களும் அண்மையில் அறுவை சிகிச்சை பெற்றோரும் மருத்துவரின் இசைவைப் பெற்ற பின்னரே சீட்டு எடுத்தல் நன்று.

விமான நேரம் மட்டுமே பயண நேரமன்று. தஞ்சாவூரிலிருந்து செல்பவருக்குச் சென்னைக்கு வரும் சாலைப் பயணமும், விமான நிலையத்தில் காத்திருக்கும் மூன்று மணி நேரமும் சேர்ந்து ஏறத்தாழ ஒரு முழு நாளாகிவிடும். ஆகவே வீட்டு வாசலிலிருந்து மறு வாசல் வரை மணிகளை எண்ணி, அக்கணக்கோடு மருத்துவரைக் காணுங்கள். உடன் செல்பவரும் அக்கணக்கை அறிந்திருத்தல் நலம்.