சம்பளக் காகிதத்தில் ஒரு வரி

சென்ற மாதம் நம் சங்கத்து அன்பர் ஒருவர் கையில் ஒரு காகிதத்துடன் நம் இல்லத்துக்கு வந்தார். அவருடைய மூத்த புதல்வன் துபாயில் ஒரு கம்பெனியில் மின்சார வேலை பார்த்து, ஐந்து வருஷம் முடித்து ஊர் திரும்பியிருந்தான். "மாதம் 1,500 திர்ஹம் வாங்கியவனுக்குக் கணக்குத் தீர்த்து 3,150 திர்ஹம்தான் பணிக்கொடை கொடுத்திருக்கிறார்கள். ஏமாற்றிவிட்டார்களோ? ரயில்வேயில் சம்பளப் பட்டியல் எழுதுகிறவர் நீங்கள், பார்த்துச் சொல்லுங்கள்" என்றார்.

பார்த்தோம். கணக்கில் ஒரு காசும் பிழையில்லை. குறை இருந்தது, ஐந்து வருஷத்துக்கு முன் கையொப்பமிட்ட ஒப்பந்தத்தில். அதில் அடிப்படைச் சம்பளம் 900 திர்ஹம்; இருப்பிடம், உணவு, போக்குவரத்து முதலிய படிகள் 600. தந்தையும் மகனும் 1,500 என்ற கூட்டுத் தொகையைக் கண்டார்களேயன்றி மேல் வரியைக் காணவில்லை.

ஓய்வு பெறும் நாளில் வீட்டு வாடகைப் படி கணக்கில் ஏறாது என்பதை ரயில்வே உத்தியோகஸ்தர் எவரும் அறிவர். கடல் கடந்த நாட்டிலும் இதே நியாயந்தான். ஐக்கிய அரபு அமீரகத்தில் 2022 பிப்ரவரி 2 முதல் நடப்பிலுள்ள தொழிற் சட்டப்படி, ஓராண்டேனும் தொடர்ந்து உழைத்த அயல்நாட்டுச் சிப்பந்திக்கு முதல் ஐந்து வருஷங்களில் வருஷத்துக்கு 21 நாட் சம்பளமும், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு வருஷத்துக்கும் 30 நாட் சம்பளமும் பணிக்கொடையாகக் கொடுக்க வேண்டும். ஆனால், அது அடிப்படைச் சம்பளத்தை மட்டும் கொண்டு கணக்கிடப்படுவது. 900 திர்ஹத்துக்கு நாட்கூலி 30; வருஷத்துக்கு 630; ஐந்து வருஷத்துக்கு 3,150. முழு 1,500-உம் அடிப்படையாக இருந்திருப்பின் 5,250 வந்திருக்கும். ஒரு வரியால் குறைந்தது 2,100 திர்ஹம்!

மிகைநேர ஊதியத்துக்கும் இதுவே அளவுகோல். பொதுவாக நாளொன்றுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்பது அங்குள்ள வரம்பு. அதற்கு மேற்பட்ட வேலைக்கு அடிப்படை ஊதியத்தோடு நூற்றுக்கு 25 கூட்டியும், இரவு 10 மணி முதல் 4 மணிக்குள் நூற்றுக்கு 50 கூட்டியும் தர வேண்டும். முறைமாற்று வேலைக்காரருக்கு இவ்விரவு விகிதம் பொருந்தாது. வீட்டுப் பணியாளருக்கும், சில தனி வட்டாரங்களில் உள்ள கம்பெனிகளுக்கும் வேறு சட்டங்கள் உண்டு.

முதலாளிக்குரிய கடமைகள் இன்னும் சில. 2009-இல் ஏற்பட்ட ஊதியப் பாதுகாப்பு முறைப்படி, சம்பளம் பாங்கி அல்லது பணமாற்று நிலையத்தின் வழியாகச் செல்ல வேண்டும். அதை அரசாங்கம் கண்காணிக்கிறது. ஆட்சேர்ப்புச் செலவைத் தொழிலாளியின் தலையில் கட்டலாகாது. பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளலாகாது. ஒரு வருஷம் நிறைந்தவர்க்கு ஆண்டுக்கு 30 நாள் சம்பளத்துடன் விடுமுறை. வேலை முடிந்தபின் 14 நாட்களுக்குள் பாக்கி அனைத்தையும் தீர்க்க வேண்டும்.

நம் நாட்டின் பங்கு யாது? 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவு பெற்ற ஏஜெண்டே வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுக்கலாம். பத்தாம் வகுப்புத் தேறாத தொழிலாளர், அமீரகம் உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குச் செல்லுமுன், குடிபெயர்வோர் காப்பாளரின் அனுமதியைப் பெற வேண்டும். அவ்வனுமதியோடு விபத்து மரணத்துக்கு 10 லட்சம் ரூபாய் இன்ஷ்யூரன்ஸும் சேர்கிறது. "சுற்றுலா விசாவில் போய்ச் சேர், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று கூறும் ஏஜெண்டு, இந்தக் காப்பு முழுவதையும் பறித்துவிடுகிறான் என்றே கொள்க.

"ஒப்பந்தம் இங்கிலீஷில் இருந்தது, யார் படித்தார்கள்?" என்று அன்பர் வருந்தினார். அமீரகத்துத் தொழில் அமைச்சகத்தின் வேலைக் கடிதம், அரபு, ஆங்கிலத்தோடு தொழிலாளிக்கு விளங்கும் மூன்றாவது மொழியிலும் இருக்க வேண்டும். அம்மொழிகளுள் நம் தமிழும் ஒன்று என்று கூறினோம். அவர் சற்று நேரம் வாளாவிருந்தார். பிறகு, பையிலிருந்து இன்னொரு காகிதத்தை எடுத்தார். இளைய புதல்வனும் புறப்பட இருக்கிறானாம்! கூட்டுச் சம்பளம் 1,600, அடிப்படை 800.

"கையெழுத்து இடுமுன் கேட்கச் சொல்லுங்கள், இட்டபின் கேட்பதில் பயனில்லை" என்றோம். பையன் எழுதிக் கேட்டான். கம்பெனியார் அடிப்படையை 1,000 ஆக்கினர். அதற்கு மேல் இசையவில்லை. வருஷத்துக்கு 560 ஆக இருந்திருக்கவேண்டிய பணிக்கொடை 700 ஆயிற்று. பெருந்தொகை அன்று. ஆயினும் தனக்கு வரப்போவது இன்னதென்று அறிந்து அவன் கையொப்பமிட்டான். தமிழ்ப் பிரதி ஒன்றைத் தந்தையிடமும் கொடுத்துச் சென்றான்.

நம் குடும்பங்களில் யார் வெளிநாடு செல்வதாயினும், அப்பிரதியொன்று வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும். படிக்க இயலாதவர் ஞாயிறு மாலை சங்கத்துக்கு எடுத்து வரலாம். படித்துச் சொல்ல நாம் காத்திருக்கிறோம்.