நிரலை இடம்பெயர்த்தல்

அட்டவணையை இரு வழியிற் படிக்கலாம். குறுக்கே நோக்கின் நிரை. கீழ்நோக்கிச் செல்லின் நிரல். வகுப்பொன்றின் புள்ளி அட்டவணையில் நிரை ஒரு மாணவனுக்குரியது. நிரல் ஒரு பாடத்துக்குரியது. தாளில் எழுதிய அட்டவணையிலே கணித நிரலைத் தமிழ் நிரலுக்கு முன் வைக்க விரும்பினால் முழுவதையும் திரும்ப எழுதுதல் வேண்டும். இணையப் பக்கத்திலோ சில வரிச் செய்நிரல் அதனை ஒரு நொடியிற் செய்துவிடும். அது எவ்வாறு நிகழ்கின்றது? பிழை எங்கே நுழைகின்றது? இவ்விரண்டையும் இன்று நோக்குவோம்.

இணையப் பக்கங்களை அமைக்கும் குறிமொழிக்கு எச்.டி.எம்.எல். என்று பெயர். அதில் அட்டவணை நிரை நிரையாகவே எழுதப்படுகின்றது. அட்டவணைக்குள் நிரைகள், நிரைக்குள் கலங்கள். நிரலின் அகலம், நிறம் முதலியவற்றைக் குறிக்க ஓர் உறுப்பு உண்டெனினும் கலங்கள் அதனுள் அடங்குவதில்லை. ஆதலின் நிரல் என்பது தனிப்பொருளன்று. கலங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாய் நிற்பதனால் நம் கண்ணுக்கு உண்டாகும் தோற்றமேயாம்.

எனவே நிரலை ஒரேயடியாகத் தூக்கி வைத்தல் இயலாது. 1995 ஆம் ஆண்டில் நெட்ஸ்கேப் நிறுவனத்திலே பிரெண்டன் ஐக் என்பவர் ஆக்கிய ஜாவாஸ்கிரிப்ட் மொழியில், ஒரு கலத்தை இன்னொரு கலத்துக்கு முன் செருகுமாறு பணிக்கலாம். பக்கத்தில் ஏற்கெனவே உள்ள கலமாயின் அது படியெடுக்கப்படுவதில்லை; பழைய இடத்தை விட்டுப் புதிய இடத்துக்குப் பெயர்கின்றது. தலைப்பு நிரை தொடங்கி இறுதி நிரை வரை இப்பணியை ஒவ்வொரு நிரையிலும் செய்தல் வேண்டும். இங்கே எண்ணிக்கை சுழியத்திலிருந்து தொடங்கும் என்பதும் நினைவிலிருத்தற்குரியது.

இனி, பிழை நுழையும் இடத்தைக் காண்போம். பெயர், தமிழ், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என ஐந்து நிரல்கள் உள்ளன என்க. ஒரு மாணவி தமிழுக்கும் கணிதத்துக்கும் தோற்றவில்லை. அவ்விரு கலங்களையும் ஒன்றாக்கி, "தோற்றவில்லை" என எழுதியிருக்கின்றனர். அவளுடைய நிரையில் இப்பொழுது நான்கு கலங்களே உள்ளன. பெயருக்கு அடுத்துவரும் இரண்டாவது கலத்தைக் கணிதமெனக் கொண்டு செய்நிரல் முன்னே நகர்த்துகின்றது. ஆனால் அவள் நிரையில் அவ்விடத்தில் இருப்பது விஞ்ஞானப் புள்ளி! அப்புள்ளி கணிதத்தின்கீழ்ச் சென்று நிற்கும். "தோற்றவில்லை" என்னும் சொல் தமிழையும் விஞ்ஞானத்தையும் மூடிக்கொள்ளும். எழுதாத பாடத்துக்குப் புள்ளி. எழுதிய பாடத்துக்கு வெறுமை. கணினியோ பிழையென்று எதுவும் அறிவிப்பதில்லை. அட்டவணையும் ஒழுங்காகவே தோன்றும்.

இதற்குப் பரிகாரம் எளிது. நகர்த்துமுன் ஒன்றாக்கிய கலங்களைப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உரிய சொல்லை எழுதல் வேண்டும். எல்லா நிரைகளிலும் கலங்களின் தொகை ஒன்றுதானா எனச் செய்நிரலே எண்ணிப் பார்க்கவேண்டும். குறைவு காணின் நகர்த்தாது நிற்கவேண்டும். ஒரு முறை நகர்த்தியபின் இட எண்கள் மாறிவிடுதலால், ஒவ்வொரு முறையும் தலைப்பின் பெயரைக் கொண்டே நிரலைத் தேடுதல் நன்று.

நேயர்களே, அட்டவணையிலுள்ள ஓர் எண் தானாகப் பேசுவதில்லை. மேலுள்ள தலைப்பும் பக்கத்திலுள்ள பெயருமே அதனைப் பேச வைக்கின்றன. இடம் மாறினும் அவ்விரண்டின் உறவு மாறாதிருத்தல் வேண்டும். அழகிய ஒழுங்கு அதற்குப் பின்னரே வேண்டற்பாலது.