மூளையின் மதிலைக் கடக்கும் தோல் புற்றுநோய்

புது தில்லி: தில்லியை அடுத்த குர்காவுன் அருகே கார்ட்டர்புரி என்றொரு கிராமம் உள்ளது. 1978 ஜனவரியில் அங்கு வந்து சென்ற அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரின் நினைவாக, தௌலத்பூர் நசீராபாத் என்ற தங்கள் ஊரின் பெயரையே மக்கள் மாற்றிக் கொண்டனர். அதே கார்ட்டர் 2015 ஆகஸ்டில், தமது 90-வது வயதில், மெலனோமா என்னும் தோல் புற்றுநோய் மூளைக்குப் பரவிவிட்டதாகச் செய்தியாளர்களிடம் அறிவித்தார். கல்லீரல் கட்டி அகற்றப்பட்ட பிறகு, மூளையில் நான்கு சிறு புள்ளிகள் தென்பட்டிருந்தன.

மூளை எளிதில் நுழையக்கூடிய இடமல்ல. ஜெர்மானிய விஞ்ஞானி பால் எர்லிக் 1885-ல் விலங்குகளின் ரத்தத்தில் சாயத்தைச் செலுத்தியபோது ஏனைய உறுப்புகள் நிறம் மாறின, மூளை மாறவில்லை. மூளையின் நுண்ணிய ரத்த நாளங்களின் சுவரில் செல்கள் இடைவெளியின்றி இறுகப் பிணைந்திருப்பதே இதற்குக் காரணம் எனப் பின்னாளில் தெரியவந்தது. கல்லீரல் நாளங்களில் உள்ளதைப் போன்ற துளைகள் இங்கு இல்லை. பெரும்பாலான மருந்துகள் இம்மதிலில் மோதித் திரும்பிவிடுகின்றன. ஆனால், புற்றுநோய்ச் செல் நுழைந்துவிடுகிறது.

எப்படி? ஜெர்மானிய ஆய்வாளர்கள் சுண்டெலிகளின் மூளையில் இதை நேரடியாகவே கண்டு 2010-ல் வெளியிட்டனர். ரத்தத்தில் மிதந்து வரும் மெலனோமா செல், நாளம் கிளை பிரியும் குறுகலான இடத்தில் சிக்கிக் கொள்கிறது. அங்கேயே நாள்கணக்கில் தங்கிப் பின்னர் சுவரைத் துளைத்து வெளியேறுகிறது. புரதங்களைச் சிதைக்கும் நொதிகளைச் சுரந்து சுவரின் பிணைப்பை அது தளர்த்துவதைப் பிற ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. வெளியேறிய செல் மூளைக்குள் தொலைதூரம் செல்வதில்லை. நாளத்தின் வெளிப்புறத்தைப் பற்றிக் கொண்டு, அதையே தன் உணவு வழியாக்கி வளர்கிறது. பிடியை இழந்தவை வளரவில்லை. வந்து சேர்ந்த செல்களில் பெரும்பாலானவை மடிந்தே போயின. ஆனால் பிழைத்த ஒன்றிரண்டே ஒரு கட்டிக்குப் போதும்.

கார்ட்டருக்கு மூளையில் கதிர்வீச்சும், பெம்ப்ரோலிசுமாப் என்ற மருந்தும் தரப்பட்டன. பெரிய மூலக்கூறான இம்மருந்தும் மதிலை எளிதில் தாண்டாது. ரத்தத்திலுள்ள எதிர்ப்புச் செல்களின் கடிவாளத்தை அது அவிழ்த்துவிடுகிறது. மதிலைக் கடந்து போரிடுபவை அச்செல்களே. 2015 டிசம்பரில் புற்றுநோயின் தடயமே இல்லை என்றார் கார்ட்டர். அவர் மறைந்தது 2024 டிசம்பர் 29-ல், 100-வது வயதில். எல்லோருக்கும் இது வாய்ப்பதில்லை. இவ்வகையைச் சேர்ந்த வேறு இரு மருந்துகளைச் சேர்த்து, மூளைக்குப் பரவிய மெலனோமா நோயாளிகள் 94 பேரிடம் நடத்தி 2018-ல் வெளியான ஆய்வில், மூளைக் கட்டிகளில் பலன் கண்டவர்கள் 57 சதவீதத்தினர்.

பெம்ப்ரோலிசுமாபுக்கு அடிப்படைச் சுங்க வரியிலிருந்து 2023 ஏப்ரல் 1 முதல் முழு விலக்கு அளித்தது மத்திய நிதி அமைச்சகம். மருந்துகளுக்குப் பொதுவாக விதிக்கப்பட்ட வரி 10 சதவீதம். அது நீங்கியதை வரவேற்கலாம். ஆயினும் நோயாளியின் குடும்பத்தை அச்சுறுத்துவது வரியல்ல, தவணைதோறும் லட்சங்களில் கேட்கப்படும் விலை. அதைச் சுங்க விலக்கு தொடுவதில்லை.

இந்தியாவில் மெலனோமா அரிது. வரும்போதோ பெரும்பாலும் உள்ளங்காலிலும் உள்ளங்கையிலும் நகத்தின் அடியிலும் கருமையாகத் தோன்றுகிறது. ஆறாத புண் என்றோ, அடிபட்டுக் கன்றிய நகம் என்றோ அது மாதக்கணக்கில் விடப்படுகிறது. செல்கள் ரத்தத்தில் இறங்குவது அந்த மாதங்களில்தான்.