வெறுமையான கட்டம்

தாதியர் பயிற்சியை நிறைவு செய்து சான்றிதழ் பெற்ற மாதத்திலேயே என் அன்னை பாரிசவாதத்தால் வீழ்ந்தார். 2 ஆண்டுகள் அவருடைய கட்டிலருகே கழிந்தன. 2 மணித்தியாலத்துக்கு ஒருமுறை அவரைப் புரட்டிப் படுக்கவைத்தேன். இறுதிவரை படுக்கைப்புண் ஒன்றேனும் தோன்றவில்லை.

அன்னையின் மறைவுக்குப் பின் தனியார் வைத்தியசாலைகள் பலவற்றுக்கு விண்ணப்பித்தேன். பெரும்பாலானவை மறுமொழியே தரவில்லை. நேர்முகப் பரீட்சைக்கு அழைத்த ஓரிடத்தில், “அனுபவம் என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறதே! இந்த 2 வருடமும் என்ன செய்தீர்கள்?” என வினவினர். உண்மையைக் கூறினேன். “அது மகளின் கடமை, அனுபவம் ஆகாது” என்று கோவையை மூடிவிட்டார்கள். வேலையின்றி அனுபவம் இல்லை. அனுபவமின்றி வேலையும் இல்லை!

பஸ்ஸில் வீடு திரும்புகையில் புளோறன்ஸ் நைற்றிங்கேல் அம்மையாரை நினைத்துக்கொண்டேன். லண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் 1860ஆம் ஆண்டு தாதியர் பயிற்சிப் பள்ளி தோன்றக் காரணராயிருந்தவர் அவர். ‘நோட்ஸ் ஒன் நேர்சிங்’ என்னும் அவரது நூலோ தொழில்முறைத் தாதியர்க்கென எழுந்ததன்று; பிறருடைய நலத்தைப் பேணும் பொறுப்பேற்ற சாதாரணப் பெண்களுக்கென்றே எழுதியதாக முன்னுரையில் அவரே குறித்திருக்கிறார். தூய காற்றும், வெளிச்சமும், துப்புரவும், அமைதியுமே அதன் பாடங்கள். அவற்றையன்றோ அந்தச் சிறு அறையில் நாள்தோறும் நான் பயின்றேன்?

நாளை மற்றுமொரு விண்ணப்பம் அனுப்பவேண்டும். அந்தக் கட்டத்தை இனி வெறுமையாக விடேன். ‘ஆண்டுகள் 2, நோயாளி 1’ என்றே எழுதுவேன்.