டெங்குக் காய்ச்சலும் பாடபேதமும்

ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் வடகீழ்க் காற்று மழையைக் கொணரச் செங்கற்பட்டு நாட்டு ஏரிகள் நிரம்பி வழியும். உழவர் உளம் மகிழ்வர். அம்மகிழ்ச்சியுடனே ஓர் அச்சமும் ஊர்தோறும் புகுகின்றது. அதுவே டெங்குக் காய்ச்சல். சென்ற ஆண்டு இந்நோயுற்றுத் தேறிய எம் விடுதித் தோழரொருவர், “ஒருமுறை வந்து போயிற்று, இனி எனக்கு என்ன அச்சம்?” என்று கூறி, அறைவாயிலில் நீர் நிறைந்து நின்ற வாளியை மூடாது விட்டார். அக்கூற்று எத்துணைப் பிழையுடையது என்பதை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இந்நோயை விளைப்பது வைரஸ் என்னும் மிக நுண்ணிய கிருமி. அது நால்வகைப்படும். ஒரு வகையால் நோயுற்றுத் தேறியவர்க்கு அவ்வகை மீண்டும் வருதல் அரிது. ஏனை மூன்றினின்றும் அவர் பெறும் காப்போ சில திங்களளவே நிற்பது. அதன்பின் வேறொரு வகை உடலிற் புகுமாயின், முன்னைப் பகையை எதிர்க்கப் பிறந்த காப்புப் பொருள்களே புதுப்பகைக்கு உயிரணுக்களின் வாயிலைத் திறந்துவிடுதலும் உண்டு. கியூபாத் தீவில் 1977இல் முதல் வகை பரவிற்று. 1981இல் இரண்டாம் வகை வந்தது. அவ்வாண்டில் 158 பேர் மாண்டனர். கொடிய நோயுற்றோருட் பெரும்பாலார் முன்னரே ஒருமுறை இந்நோய்ப்பட்டவர் என அறிஞர் கண்டனர். ஆதலின் எம் தோழர் பிறரினும் மிகுதியாக அஞ்சவேண்டியவரே அன்றோ?

இனி, இவ்வகைகளுக்குள்ளும் கிளைகள் உள. அவற்றை அறியுமாறு யாங்ஙனம்? தமிழ் பயில்வார்க்கு இஃது எளிதில் விளங்கும். கிருமியினுள் அமைந்த ஆர்.என்.ஏ. என்னும் இழை, நான்கே எழுத்துக்களால் ஏறக்குறைய 10,700 எழுத்தளவு எழுதப்பெற்ற ஓர் ஏட்டினை ஒக்கும். கிருமி பெருகுந்தோறும் அவ்வேடு படியெடுக்கப்படுகின்றது. படியெடுக்கும் கருவியோ பிழை திருத்த அறியாதது. ஆதலின் எழுத்துப் பிழைகள் நேர்கின்றன. ஏடெழுதுவோர் கைப்பிழையாற் பாடபேதம் தோன்றுதல் போல்வது இது. டாக்டர் உ. வே. சாமிநாதையர் பல ஏடுகளை ஒப்புநோக்கி 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தமை யாவரும் அறிவர். ஒரே பிழையைத் தாங்கிய இரண்டேடுகள் ஒரு தாயேட்டின் வழி வந்தனவாதல் கூடும் என்பது பதிப்பாசிரியர் முறை. அம்முறையே இக்கிருமிகளின் குடிவழியையும் காட்டுகின்றது.

நம் நாட்டில் இவ்வாராய்ச்சிக்குப் பழைமையான இடம் வேலூர். ஆங்கு 1968இல் பரவிய காய்ச்சலின்போது நால்வகைக் கிருமிகளும் மனிதரிடத்தும் கொசுக்களிடத்தும் பிரித்தெடுக்கப்பட்டன. இரண்டாம் வகையின் அமெரிக்கக் கிளை இந்தியாவில் ஏறக்குறைய 1971 வரை வழங்கி மறைந்தது. அதனிடத்தை உலகெங்கும் பரவிய வேறொரு கிளை கொண்டது. 2012இல் தமிழ்நாட்டில் 12,000க்கு மேற்பட்டோர் நோயுற்றபோது, முதல் வகையின் ஆசியக் கிளை தென்னாட்டிற் புகுந்திருந்தமை வெளிப்பட்டது.

வேலூர் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்த கேரி என்பவர் பின்னர் மேலை ஆப்பிரிக்காவிலுள்ள நைஜீரியாவிற்குச் சென்றார். ஆங்கு அவரும் துணைவரும் 1964 முதல் 1968 வரை காய்ச்சலுற்றோரிடத்து முதல் இரு வகைகளைக் கண்டனர். செனகல் நாட்டுக் கெடுகு வனத்திலோ, குரங்குகளிடத்தும் காட்டுக் கொசுக்களிடத்தும் வாழும் இரண்டாம் வகையின் தனிக்கிளை ஒன்று உளது. மூன்றாம் வகையின் கிளையொன்று இந்திய உபகண்டத்தினின்று பிற நாடுகளுக்குப் பரவிற்று என்பது ஆய்வாளர் கொள்கை. அம்மூன்றாம் வகை 2009இல் கேப் வெர்டேத் தீவுகளில் 20,000 பேரை வருத்திற்று. பர்க்கினா பாசோவில் 2023இல் இந்நோய் பற்றியதாக ஐயுறப்பட்டோர் ஒரு லட்சத்தின் மேலாவர்.

இக்கிருமியைச் சுமக்கும் ஏடிஸ் கொசு சில நூறு மீட்டருக்கு அப்பாற் பறத்தல் அரிது. எனவே கிருமியைக் கடல் கடத்துபவன் மனிதனே. பல்லவர் காலத்தில் மரக்கலங்கள் வந்தடைந்த மாமல்லபுரத்திற்கு இன்று பல தேசத்தாரும் சிற்பங்காண வருகின்றனர். அவருள் ஒருவர் குருதியிற் புதுக்கிளை ஒன்று வருதலும் கூடும். வருவாரைத் தடுத்தல் தகாது. வந்த கிருமிக்கு ஊர்தி கொடாமை நம்மால் இயலும். சிற்பக் கூடங்களின் அருகே குடைந்து விட்ட கல்தொட்டி, கடற்கரையில் மழைநீர் தேங்கிய படகு, தென்னஞ்சிரட்டை, மூடாத சிமெண்டுத் தொட்டி ஆகிய இவையே அக்கொசுவின் தொட்டில்கள். அதன் முட்டை பல திங்கள் உலர்ந்து கிடந்தும் உயிர் போகாது. நீர் பட்டபின் ஏறக்குறைய பத்து நாளிற் கொசுவாகும். ஆகவே வாரம் ஒருமுறை நீரைக் கவிழ்த்து, பாத்திரத்தின் உட்புறத்தைத் தேய்த்துக் கழுவுதல் வேண்டும். இக்கொசு பகலிற் கடிப்பதாதலின் இரவில் வலை கட்டுதல் மாத்திரம் போதாது.

இன்னுமொன்று நினைவிற் கொள்ளத்தக்கது. காய்ச்சல் தணியும் நாளே இடர் தொடங்கும் நாளாதலும் உண்டு. அப்போது வயிற்றுவலி, ஓயாத வாந்தி, பல்லீறிற் குருதி, மிக்க சோர்வு இவற்றுள் ஒன்று தோன்றினும் மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

ஏட்டிற் பிழை புகின் பின்வரும் பதிப்பாசிரியர் திருத்துவர். நம் அசட்டையாற் போன உயிரைத் திருத்தித் தருவார் யாவர்? எம் தோழரின் வாளியை யாம் இருவரும் சேர்ந்தே கவிழ்த்தோம். இதனைப் படிக்கும் அன்பரும் தத்தம் வாயிலை ஒருமுறை நோக்குவாராக.